120+120 வாட் என்று போட்ட 3116 போர்டு: நிஜத்தில் எவ்வளவு, எப்படி மாட்டுவது

ஆன்லைனில் 120+120 வாட் என்று விற்கிற, 3116 சிப் வைத்த ஆம்ப்ளிஃபையர் (ஆம்ப்) போர்டை வாங்கலாமா என்று கேட்கிறார்கள். வாங்கலாம். ஆனால் விளம்பரத்தில் போட்டிருக்கும் 120+120 வாட்டை நம்பி வாங்காதீர்கள். இந்த போர்டு எத்தனை வாட் தரும் என்பது நீங்கள் கொடுக்கும் வோல்டேஜிலும் மாட்டும் ஸ்பீக்கரிலும்தான் இருக்கிறது. கணக்கு எளிது. சப்ளை வோல்டேஜை அதே எண்ணால் பெருக்கி, ஸ்பீக்கர் ஓம்ஸின் இரண்டு மடங்கால் வகுத்தால், சத்தம் உடையத் தொடங்கும் இடம் வாட்டில் வந்துவிடும். 12 வோல்ட்டில் 8 ஓம்ஸ் ஸ்பீக்கருக்கு 9 வாட், 4 ஓம்ஸுக்கு 18. 19 வோல்ட் லேப்டாப் அடாப்டரில் 8 ஓம்ஸுக்கு 22, 4 ஓம்ஸுக்கு 45. 24 வோல்ட்டில் 36, 72. சிப்பிலும் காயிலிலும் போகிற இழப்புக்கு இதில் பத்துப் பதினைந்து சதவீதம் கழித்துக்கொள்ளுங்கள். 120 என்ற எண்ணைப் பார்க்க வேண்டுமானால் 26 வோல்ட் கொடுத்து, 2 அல்லது 3 ஓம்ஸ் லோடு மாட்டி, பாட்டு கிழிந்தாலும் பரவாயில்லை என்று திருக வேண்டும். வீட்டில் யாரும் அப்படிக் கேட்பதில்லை.

இது எக்ஸ்ஹெச்-எம்543 என்ற பெயரிலும், பெயரே இல்லாமலும் ஆன்லைனில் கிடைக்கிற கிளாஸ் டி (வேகமாக ஆன்-ஆஃப் ஆகிப் பெருக்கும் வகை) ஆம்ப் போர்டு. டெக்சாஸ் இன்ஸ்ட்ரூமென்ட்ஸின் டிபிஏ3116டி2 சிப் இரண்டு, மேலே ஒரு ஹீட்சிங்க், முன்னால் வால்யூம் திருகு, ஸ்க்ரூ டெர்மினல். ஒரு சிப்புக்கு டேட்டாஷீட் (கம்பெனியின் விவரத்தாள்) சொல்வது 21 வோல்ட்டில் 4 ஓம்ஸுக்கு 50 வாட் வீதம் இரண்டு சேனல். அதையே மோனோவாகச் சேர்த்தால் 2 ஓம்ஸுக்கு 100 வாட். இந்த போர்டில் இடதுக்கு ஒரு சிப், வலதுக்கு ஒரு சிப், இரண்டுமே மோனோ இணைப்பில். வேலை செய்யும் வோல்டேஜ் 4.5 முதல் 26 வரை. 30 தாண்டினால் சிப் போய்விடும், திரும்ப வராது.

வந்ததும் பவர் கொடுப்பதற்கு முன் பார்க்க வேண்டியது இரண்டு. முதலாவது கெபாசிட்டர். போர்டில் '26 வோல்ட் வரை' என்று அச்சடித்துவிட்டு 25 வோல்ட் கெபாசிட்டரை வைத்து அனுப்புவதுண்டு. அப்படி இருந்தால் 19 வோல்ட்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள், அல்லது 35 வோல்ட் கெபாசிட்டராக மாற்றுங்கள். இரண்டாவது சிப். அசல் 3116-க்கு வெப்பம் வெளியேறும் உலோகப் பட்டை சிப்பின் மேல்பக்கம் இருக்கும், ஹீட்சிங்க் அதைத் தொடும். அதன் தம்பியான 3118-க்கு அந்தப் பட்டை அடியில், சூடு போர்டின் செம்பு வழியாகத்தான் போகும். ஹீட்சிங்க் ஸ்க்ரூவில் நின்றால் கழற்றிப் பாருங்கள். மேலே வெறும் கறுப்பு பிளாஸ்டிக் தெரிந்தால் அது 3116 அல்ல, அந்த ஹீட்சிங்க் அலங்காரம். பசையில் ஒட்டியிருந்தால் பிடுங்க வேண்டாம், சிப்பும் சேர்ந்து வந்துவிடும்.

12 வோல்ட் பேட்டரிக்கு இந்த இரட்டைச் சிப் போர்டே தேவையில்லை. டிசம்பரில் கிறிஸ்துமஸ் கீத பவனிக்குத் தள்ளுவண்டியில் வைக்கிற பெட்டி, வள்ளத்தில் பாட்டுக்கு, ஆட்டோவுக்கு என்றால் ஒரே 3116 வைத்த சின்ன போர்டு போதும். 12 வோல்ட்டில் 4 ஓம்ஸ் ஸ்பீக்கருக்கு இரண்டும் ஒரே வாட்தான் கொடுக்கும். இரண்டாவது சிப்புக்கு வேலை வருவது 20 வோல்ட்டுக்கு மேலே, அல்லது 4 ஓம்ஸுக்குக் கீழே.

நம்மூரில் பலரிடம் இன்னும் 4440 என்ற பழைய சிப் வைத்த ஆம்ப் போர்டு ஓடுகிறது. அதோடு ஒப்பிட்டுத்தான் கேட்கிறார்கள், ஆகவே நேராகச் சொல்லிவிடலாம். எல்ஏ4440-ஐ பிரிட்ஜ் செய்தால் (இரண்டு சேனலையும் ஒரே ஸ்பீக்கருக்குச் சேர்த்தால்) 13.2 வோல்ட்டில் 4 ஓம்ஸுக்கு 19 வாட் வரும். ஒற்றை ஸ்பீக்கர் மட்டும்தான் என்றால் 3116 போட்டதும் சத்தம் கூடிவிடாது. வித்தியாசம் மற்ற இடங்களில். 4440 ஸ்டீரியோவில் பக்கத்துக்கு 6 வாட்தான், இதில் அதே பேட்டரியில் பக்கத்துக்கு சுமார் 15. அதற்குப் பெரிய அலுமினியத் தகடு வேண்டும், இதற்கு விரல் அகல ஹீட்சிங்க். பேட்டரியும் நிற்கும். சாதாரண சத்தத்தில் சராசரி அரை ஆம்பியர் இழுத்தால், 7 ஏஹெச் (ஆம்பியர்-மணி) யுபிஎஸ் பேட்டரியைப் பாதிக்கும் மேல் இறக்காமலே ஏழு மணி நேரம் ஓட்டலாம்.

இனி பவர் சப்ளை. இந்த போர்டுகள் சாவது பெரும்பாலும் இங்கேதான்.

பழைய ஆம்பில் கழற்றிய 12-0-12 டிரான்ஸ்பார்மரை எடுத்து, இரண்டு ஓரத்து ஒயரையும் பிரிட்ஜ் டயோடில் கொடுத்தால் 24 வோல்ட் ஏசி. டிசியாக மாறும்போது அது 24 இல்லை, 32-க்கு மேல். போட்ட நொடியே சிப் போச்சு. அதே டிரான்ஸ்பார்மரில் நடு ஒயரை நெகட்டிவாக வைத்து, ஓர ஒயர் இரண்டுக்கும் ஆளுக்கு ஒரு டயோடு போட்டால் 16 வோல்ட் சொச்சம். பாதுகாப்பானது, நல்ல சத்தமும் உண்டு. 15-0-15 என்றால் 20 வோல்ட் சுமார், அதுவே இந்த போர்டுக்குச் சரியான அளவு. 18-0-18 வேண்டாம். கணக்கில் 24-25 வந்தாலும், இரவில் லைன் 250-க்கு ஏறும்போது, லோடு இல்லாத நேரத்தில் 26-ஐத் தாண்டிவிடும். பழைய 2030 சிப் ஆம்ப் போர்டில் கொடுத்ததுபோல பிளஸ், ஜீரோ, மைனஸ் என்று மூன்று ஒயர் இதற்குக் கிடையாது. ஒற்றை சப்ளை மட்டும்.

டிரான்ஸ்பார்மரே வேண்டாம் என்பவர்களுக்கு 19 வோல்ட் லேப்டாப் அடாப்டர். 4.74 ஆம்பியர் போட்டது 90 வாட், 3.42 போட்டது 65 வாட். வீட்டு ஹாலுக்கு 65 வாட்டே தாராளம். போர்டோடு இலவசமாக வரும் அடாப்டரை விட, நல்ல கம்பெனி லேப்டாப்போடு வந்த பழைய அடாப்டர் எவ்வளவோ மேல். நாகர்கோவிலில், மார்த்தாண்டத்தில் லேப்டாப் சர்வீஸ் செய்யும் இடங்களில் கேட்டால் கிடைக்கும். மாட்டும்போது ஒரு சிக்கல் உண்டு. லேப்டாப் பின் பல 5.5 x 2.5 மில்லிமீட்டர், ஆம்ப் போர்டுகளின் சாக்கெட் பல 5.5 x 2.1. உள்ளே போகும், ஆனால் பிடிக்காது. பேஸ் அடிக்கும்போதெல்லாம் கட்டாகிக் கட்டாகி வரும். பின்னை வெட்டிவிட்டு ஒயரை நேரடியாக ஸ்க்ரூ டெர்மினலில் கொடுங்கள். டெல், ஹெச்பி அடாப்டர் பலவற்றில் பின்னுக்கு நடுவே ஊசி மாதிரி மெல்லிய கம்பி இருக்கும். அது லேப்டாப்போடு பேசுவதற்கான அடையாளக் கம்பி. பவர் அதில் இல்லை, விட்டுவிடலாம்.

எல்இடி விளக்குக்கு விற்கிற தகரப்பெட்டி 24 வோல்ட் எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை) பயன்படுத்தினால், போர்டை மாட்டும் முன்பே மல்டிமீட்டரை வைத்து, டெர்மினல் பக்கத்துச் சின்னத் திருகை 22-க்கு இறக்கிவிடுங்கள். கடையிலிருந்து வரும்போதே அது 25-க்கு மேல் இருக்கலாம். எர்த் ஒயர் கட்டாயம். எர்த் இல்லாமல் போட்டால் பெட்டியைத் தொட்டால் சுர்ரென்று இருக்கும், ஸ்பீக்கரில் உறுமலும் வரும்.

போர்டுக்கு அருகில் 4700 மைக்ரோஃபாரட், 35 வோல்ட், 105 டிகிரி கெபாசிட்டர் ஒன்று போடுங்கள். டிரம் அடி விழும் கணத்தில் கரண்ட் இதிலிருந்து போகும், அடாப்டர் மூச்சுத் திணறாது. அதற்காக நான்கைந்து சேர்த்துக் குவிக்காதீர்கள். ஆன் செய்யும்போது அவ்வளவையும் சார்ஜ் செய்ய முடியாமல், ஷார்ட் என்று நினைத்து அடாப்டர் ஆன்-ஆஃப், ஆன்-ஆஃப் என்று விக்கிக்கொண்டே இருக்கும்.

இந்த போர்டுகள் பலவற்றில் தலைகீழ் இணைப்புக்குப் பாதுகாப்பு கிடையாது. பிளஸ், மைனஸ் மாறினால் புகைதான். செலவு குறைந்த வேலை: பிளஸ் ஒயரில் 5 ஆம்பியர் பியூஸ், பியூஸுக்குப் பின்னால் 6ஏ10 டயோடு ஒன்றைக் கோடு போட்ட முனை பிளஸிலும் மறுமுனை மைனஸிலும் வருமாறு குறுக்கே வையுங்கள். சரியாகக் கொடுத்தால் டயோடு சும்மா இருக்கும். மாற்றிக் கொடுத்தால் பியூஸ் போகும், போர்டு பிழைக்கும். பேட்டரி என்றால் பியூஸை பேட்டரி முனைக்குப் பக்கத்திலேயே வையுங்கள், போர்டுப் பக்கம் வைத்து லாபமில்லை.

முதல் தடவை ஆன் செய்வதை 12 வோல்ட் பேட்டரியில், 12 வோல்ட் 21 வாட் வண்டி இண்டிகேட்டர் பல்பை பிளஸ் ஒயரில் வரிசையாக வைத்துச் செய்யுங்கள். கெபாசிட்டர் நிறையும்போது பல்பு ஒரு கணம் மினுங்கி அணையும். அணைந்தால் போர்டு நலம். முழு வெளிச்சத்தில் எரிந்துகொண்டே இருந்தால் உள்ளே ஷார்ட், திருப்பி அனுப்பிவிடலாம்.

ஸ்பீக்கர் இணைப்பில் பழைய ஆம்ப் பழக்கம் ஆபத்து. அதில் ஸ்பீக்கர் மைனஸ் என்றால் கிரவுண்டு. இதில் இல்லை. இரண்டு முனையும் சிக்னல் ஓடும் முனைகள், ஒவ்வொன்றும் சப்ளையின் பாதி வோல்டேஜில் நிற்கும். 19 வோல்ட் கொடுத்து, ஸ்பீக்கர் மைனஸுக்கும் கிரவுண்டுக்கும் இடையே மீட்டர் வைத்தால் 9.5 காட்டும். போர்டு கெட்டுவிட்டதென்று பலர் பயப்படுவது இங்கேதான். அளக்க வேண்டியது ஸ்பீக்கரின் இரண்டு முனைகளுக்கு நடுவே, அங்கே சில மில்லிவோல்ட்தான் இருக்கும். ஆகவே இடது, வலது ஸ்பீக்கர் மைனஸை ஒன்றாக முடிச்சுப் போடக் கூடாது. வண்டி பாடியில் கொடுக்கக் கூடாது. ஸ்பீக்கர் முனையிலிருந்து ஹெட்போன் ஜாக் எடுக்கக் கூடாது, ஏனென்றால் அந்த ஜாக்கின் அடிப்பகுதி இரண்டு மைனஸையும் சேர்த்துவிடும். இரண்டு சேனலையும் சேர்த்து ஒரே ஸ்பீக்கருக்குக் கொடுப்பதும் கூடாது.

ஒயர் தடிமனைக் கஞ்சத்தனம் பார்க்க வேண்டாம். 0.75 சதுர மில்லிமீட்டர் ஒயரை 10 மீட்டர் இழுத்தால் போய்வர அரை ஓம். 4 ஓம்ஸ் ஸ்பீக்கருக்கு அது எட்டில் ஒரு பங்கு, அவ்வளவும் ஒயரைச் சூடாக்கப் போகிறது. அந்தத் தூரத்துக்கு 1.5 போடுங்கள். டெர்மினலுக்குள் போகும் இழைகளில் ஈயம் பூசி ஸ்க்ரூவை இறுக்காதீர்கள். ஈயம் மெத்தென்பதால் நாளாக நாளாக நசுங்கித் தளர்ந்துவிடும். முனை லக் போட்டு இறுக்குவது நல்லது.

இன்புட் பக்கம் வந்தால், இந்த போர்டுகளின் பெரிய குறை கெயின் (சிக்னலைப் பெருக்கும் அளவு) அதிகம் என்பது. வால்யூம் திருகைக் கடிகார முள்போல எட்டு மணியிலிருந்து ஒன்பதுக்குக் கொண்டுவந்தாலே வீடு அதிரும், சும்மா இருக்கும்போது உஸ்ஸென்ற இரைச்சல் கேட்கும். 3116-இல் 20, 26, 32, 36 டெசிபெல் என்று நான்கு நிலை உண்டு, அதாவது 10, 20, 40, 63 மடங்கு. 19 வோல்ட்டில் முழு சத்தத்துக்கு 26 டெசிபெல்லில் 0.67 வோல்ட் சிக்னல் போதும், போனிலிருந்து அவ்வளவு வந்துவிடும். 36-இல் விட்டால் 0.21-லேயே உச்சம். மாற்றுவது கெயின் காலில் உள்ள இரண்டு ரெசிஸ்டரால்: கிரவுண்டுக்கு 20கே (கிலோ ஓம்ஸ்), சிப்பின் ஜிவிடிடி காலுக்கு 100கே என்றால் 26 டெசிபெல். கிரவுண்டுக்கு 5.6கே மட்டும் வைத்து மற்றதை எடுத்துவிட்டால் 20. பொடி ரெசிஸ்டரில் ஈயம் வைக்கக் கை பழகாதவர்கள், இன்புட் ஒயரில் இரண்டு பக்கமும் 22கே ரெசிஸ்டர் வரிசையாகச் சேர்த்தாலும் சிக்னல் குறையும். இரைச்சல் மட்டும் அப்படியே இருக்கும்.

மைக்கை நேராகச் சொருகிப் பார்த்துவிட்டு சத்தமில்லை என்பவர்கள் உண்டு. மைக் தருவது சில மில்லிவோல்ட், நடுவில் ப்ரீ-ஆம்ப் அல்லது மிக்சர் வேண்டும். ஸ்டீரியோவை மோனோவாக்க இடது, வலது ஒயரை நேராக முறுக்காதீர்கள். ஆளுக்கு 1கே ரெசிஸ்டர் வைத்துப் பிறகு சேருங்கள்.

ப்ளூடூத் போர்டையும் ஆம்பையும் ஒரே அடாப்டரில் ஓட்டினால் வருகிற கீய்ங், டிக்டிக் சத்தம்தான் இந்த வேலையில் அதிகம் கேட்கப்படும் புகார். ப்ளூடூத்தின் கிரவுண்டு இரண்டு வழியில் ஆம்புக்கு வருகிறது, பவர் ஒயர் வழி ஒன்று, ஆடியோ ஒயர் வழி ஒன்று. ப்ளூடூத் இழுக்கிற கரண்டின் துடிப்பு ஆடியோ கிரவுண்டில் கலந்து, இருபது மடங்காகப் பெருகி ஸ்பீக்கரில் வருகிறது. ஷீல்டு ஒயர் மாற்றினால் இது தீராது. பி0505எஸ்-1டபிள்யூ என்ற நான்கு கால் கறுப்புப் பெட்டி கிடைக்கும், 5 வோல்ட் வாங்கி 5 வோல்ட் தரும், நடுவே கிரவுண்டைத் துண்டித்துவிடும், 200 மில்லிஆம்பியர் வரை தாங்கும். 19 வோல்ட்டை 5 ஆக்கி இதற்குக் கொடுத்து, இதன் வெளியீட்டை ப்ளூடூத்துக்குக் கொடுங்கள். கவனம், அந்த வெளியீட்டு மைனஸை பவர் மைனஸோடு எங்கும் தொடவிடாதீர்கள். ஆடியோ ஒயரின் ஷீல்டு வழியாக ஆம்ப் இன்புட்டில் மட்டும் சேரட்டும். அது கிடைக்கவில்லையென்றால் ப்ளூடூத்துக்குத் தனியாக ஒரு போன் சார்ஜர்.

டிவியிலிருந்து எடுக்கும்போது கேபிள் ஒயரைச் சொருகினால் உறுமல், பிடுங்கினால் நின்றுவிடுகிறதென்றால், கிரவுண்டு கேபிள் வழியாகச் சுற்றுகிறது. ஆடியோ ஒயரில் கிரவுண்ட் லூப் ஐசோலேட்டர் ஒன்று போட்டால் போதும்.

மீடியம் வேவ் ரேடியோ கேட்கிற வீடென்றால் இதையும் சொல்ல வேண்டும். 3116 சாதாரணமாக நொடிக்கு 4 லட்சம் தடவை, அதாவது 400 கிலோஹெர்ட்ஸில் ஸ்விட்ச் ஆகிறது. அதன் மூன்று மடங்கு 1200. திருநெல்வேலி வானொலி 1197! பக்கத்தில் வைத்தால் விசில் அடிக்கத்தான் செய்யும். சிப்பில் ஏஎம் என்று பெயரிட்ட மூன்று கால் இதற்காகவே இருக்கிறது, 500 கிலோஹெர்ட்ஸுக்கு மாற்றலாம். 600 வேண்டாம், இரண்டு மடங்கில் அதுவும் 1200. ஆனால் மலிவு போர்டில் அந்தக் கால்கள் சிப்புக்கு அடியிலேயே கிரவுண்டில் போயிருக்கும், மாற்ற வழியிருக்காது. ரேடியோவைத் தள்ளி வையுங்கள், ஸ்பீக்கர் ஒயரைப் பின்னிக் குட்டையாக விடுங்கள். நாகர்கோவில் எஃப்எம் 101-இல் இந்த விசில் வருவதில்லை.

குளச்சல், முட்டம், தேங்காப்பட்டணம் என்று கடலோரத்தில் இருப்பவர்கள் போர்டை வெறுமையாக வைக்கக் கூடாது. உப்புக் காற்றில் முதலில் போவது வால்யூம் திருகு, திருப்பினால் கரகர. அடுத்து ஸ்க்ரூ டெர்மினல், செம்பு இழை பச்சை பூத்துத் தொடர்பு போய்விடும். உட்பகுதியில் உப்பில்லை, ஆனால் குலசேகரம், பேச்சிப்பாறைப் பக்கம் இரண்டு மழைக்காலத்திலும் ஈரம் ஓய்வதில்லை. திருகு, டெர்மினல், ஹீட்சிங்க் மூன்றையும் டேப்பால் மூடிவிட்டு மீதி போர்டுக்கு அக்ரிலிக் கோட்டிங் ஸ்ப்ரே அடியுங்கள். வள்ளத்துக்கென்றால் வெள்ளீயம் பூசிய செம்பு ஒயர் வாங்குங்கள். திருகையே பைபாஸ் செய்து, சத்தத்தைப் போனில் கூட்டிக் குறைத்தால் இன்னும் நல்லது.

பெட்டியில் காற்றோட்டத்துக்கு ஓட்டை போட்டால் உள்பக்கம் கொசுவலை ஒட்டுங்கள். சூடான இடம் பார்த்துப் படுக்கிற பல்லி, எஸ்எம்பிஎஸ்ஸின் 230 வோல்ட் பக்கத்தில் குறுக்கே விழுந்தால் எஸ்எம்பிஎஸ் போய்விடும்.

அதிக சத்தத்தில் கட்டாகித் தானாகத் திரும்ப வருகிறதென்றால், சிப்பின் பாதுகாப்பு வேலை செய்கிறது அல்லது அடாப்டர் படுத்துக்கொள்கிறது. எது என்று பார்க்க, பாட்டு ஓடும்போதே போர்டின் பவர் முனையில் மீட்டரை வையுங்கள். வோல்டேஜ் 19-லிருந்து 12, 10 என்று விழுந்தால் அடாப்டர் போதவில்லை. விழாமல் கட்டானால் ஸ்பீக்கர் ஓம்ஸைப் பாருங்கள். 4 ஓம்ஸ் ஸ்பீக்கர் மீட்டரில் 3.2 முதல் 3.5 காட்டும், இரண்டை இணையாகப் போட்டிருந்தால் 1.7. ஒற்றைச் சிப் ஸ்டீரியோ போர்டு 19 வோல்ட்டில் அதைத் தாங்காது. இரண்டும் சரியாக இருந்து, ஹீட்சிங்க் கை வைக்க முடியாமல் சுட்டால் மட்டும் ஃபேன் பற்றி யோசியுங்கள்.

கூம்பு ஸ்பீக்கரின் 16 ஓம்ஸ் யூனிட்டை மாட்ட நினைத்தால் 19 வோல்ட்டில் 11 வாட்தான் போகும், ஆனாலும் தெரு முனை வரை கேட்கும். யூனிட்டோடு வரிசையில் 33 மைக்ரோஃபாரட் நான்-போலார் (பிளஸ், மைனஸ் இல்லாத) கெபாசிட்டர் ஒன்று வையுங்கள். அது இல்லாவிட்டால் 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள பேஸ் அடி யூனிட்டின் மெல்லிய டயஃப்ரத்தைக் கிழித்துவிடும். கோயில், தேவாலயத்தில் ஓடும் 100 வோல்ட் லைன் ஸ்பீக்கர்களுக்கு இந்த போர்டு ஆகாது, அதற்கு லைன் டிரான்ஸ்பார்மர் உள்ள ஆம்ப் வேண்டும்.